இழுவைக்கு எந்த ரேஷியோ? டபுள் கெப்பின் டிஃபை மாற்றுமுன் ஒரு கணக்கு

வெல்லம்பிட்டியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவருக்கும் பொல்கொட ஏரிக்கரையில் படகு வைத்திருப்பவருக்கும் கேள்வி ஒன்றுதான்: பின்னால் ட்ரெய்லரைக் கொழுவினால் டபுள் கெப் ஏற்றத்தில் திணறுகிறது, டிஃப் (ஆக்ஸிலில் சக்கரங்களைச் சுற்றும் டிஃபரென்ஷியல்) ரேஷியோவை மாற்றினால் சரிவருமா? உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டால் ஒரு கடையில் 4.10 போடச் சொல்வார்கள். அடுத்த கடையில் 4.30 தான் சரி என்பார்கள். அன்றைக்கு ராக்கையில் கிடப்பது அதுவாக இருக்கும். இரண்டுமே சிலருக்குப் பொருந்தும், பலருக்கு வீண் செலவு. யாருக்கு எது என்பது வாய்ப்பேச்சில் தீராது. கல்குலேட்டரோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும்.

டிஃபுக்குள் ப்ரொப் ஷாஃப்ட் (கியர் பொக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) சுற்றும் சின்னக் கியர் பினியன், அது சுற்றும் பெரிய கியர் கிரவுன் வீல். கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 43 பல் கிரவுனும் 11 பல் பினியனும் என்றால் 3.909. அதாவது ப்ரொப் ஷாஃப்ட் ஏறத்தாழ நான்கு முறை சுற்றினால் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் கூடக்கூடச் சக்கரத்தில் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சினும் கூடுதலாகச் சுற்றும். "லோ டிஃப்" என்று சொன்னால் எண் கூடிய 4.30, 4.56, "ஹை டிஃப்" என்றால் 3.58 பக்கம். பேச்சு வழக்கும் எண்ணும் தலைகீழாக இருப்பதால், சாமான் வாங்கும்போது எண்ணையே சொல்லிக் கேளுங்கள்.

## வண்டியில் இருப்பது எது

எஞ்சின் பேயில் அல்லது கதவுத் தூணில் உள்ள தகட்டில் ஆக்ஸில் குறியீடு இருக்கும். அதை உதிரிப்பாகக் கடைக்காரர் கட்டலொக்கில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் இங்கே ஓடும் பழைய வண்டிகளில் பாதி ஏற்கனவே யாரோ கை வைத்தவை. தகட்டை நம்பாமல் எண்ணிப் பாருங்கள்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலை. ப்ரொப் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள். ஒரு சக்கரம் நிலத்தில் நிற்பதால் கிரவுன் அதில் பாதி, அதாவது 10 முறைதான் சுற்றும். ப்ரொப் ஷாஃப்ட் 36க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருந்தால் 3.583, 39 என்றால் 3.909, 41 என்றால் 4.100, 43 என்றால் 4.300. லிமிட்டட் ஸ்லிப் (இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள டிஃபில் இந்த முறை சரிவராது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, இரண்டையும் சேர்த்து 10 முறை சுற்ற வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்கள். வழக்கமாக ஏறும் ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்குமா என்பது ஒன்று. அதிவேகப் பாதையில் 100இல் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) ஓடும் என்பது இன்னொன்று. பாரத்தோடு நின்று புறப்படும்போது கிளட்ச் படும் பாடு மூன்றாவது. கடைசியில் செலவு, அதிலும் வேண்டாம் என்றால் பழையபடி திருப்ப முடியுமா என்பது.

முதலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான். ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். கெப் 2,000 கிலோ, ஆட்களும் சாமானும் 300, ட்ரெய்லர் 1,300. மொத்தம் 3,600 கிலோ. ஏற்றம் 8 சதவீதம், அதாவது 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயர்வு. சரிவுக்கு 2,825 நியூட்டன், டயர் உருளும் தடைக்கு 425, காற்றுக்குச் சிறிது என்று வைத்தால் 3,300 நியூட்டன் இழுவை வேண்டும். பாரம் ஏறிய டயரின் ஆரை 0.38 மீற்றர். கியர்களில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால், எஞ்சினின் டோர்க்கை, அதாவது சுற்றும் விசையை, கியராலும் டிஃபாலும் பெருக்கி ஏறத்தாழ 1,393 நியூட்டன் மீற்றர் வர வேண்டும்.

கியர் பொக்ஸ் டொயோட்டாவின் ஆர்151எஃப் என்று கொள்வோம்: முதலாவது 4.313, இரண்டாவது 2.330, மூன்றாவது 1.436, நான்காவது 1.000, ஐந்தாவது 0.838. டயர் 265/65 ஆர்17, விட்டம் 776 மி.மீ. ஆர்பிஎம் கணக்கு எளிது: வேகத்தை 5,305ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் (மி.மீ.) வகுத்து, கியரால் பெருக்கி, டிஃபால் பெருக்குங்கள்.

| டிஃப் | பற்கள் | 3ஆம் கியர், 40 கி.மீ.: ஆர்பிஎம் | அந்த ஏற்றத்தில் 3ஆம் கியருக்கு வேண்டிய டோர்க் (நி.மீ.) | 5ஆம் கியர், 100 கி.மீ.: ஆர்பிஎம் | 1ஆம் கியரின் மொத்தப் பெருக்கம் |
|---|---|---|---|---|---|
| 3.583 | 43/12 | 1,410 | 271 | 2,050 | 15.5 |
| 3.909 | 43/11 | 1,540 | 248 | 2,240 | 16.9 |
| 4.100 | 41/10 | 1,610 | 237 | 2,350 | 17.7 |
| 4.300 | 43/10 | 1,690 | 226 | 2,460 | 18.5 |
| 4.556 | 41/9 | 1,790 | 213 | 2,610 | 19.6 |

மூன்றாவது, நான்காவது நிரல்களைச் சேர்த்துப் படியுங்கள். உச்ச டோர்க் 260 என்று சொல்லப்படும் ஒரு டர்போ டீசல், ஓடித் தேய்ந்த நிலையில் 240 தரும் என்று வைத்தால், 3.583இலும் 3.909இலும் மூன்றாம் கியர் தாங்காது, 4.100 மயிரிழையில் தாங்கும், 4.300 நிதானமாகத் தாங்கும். 3.583இல் நிலைமை இன்னும் மோசம். 1,410இல் டர்போ முழுதாக எழும்பியிருக்காது, அந்த 240உம் கிடைக்காது. வேகம் கொஞ்சம் இறங்கினால் ஆர்பிஎம் இறங்கும், ஆர்பிஎம் இறங்கினால் டர்போ இன்னும் தூங்கும். ஏற்றத்தில் கெப் "செத்துப்போகிறது" என்பார்களே, அது இதுதான்.

அப்போதும் அக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடிப்பது கெடுதலிலும் கெடுதல். டீசல் நிறையப் போகிறது, காற்று போதவில்லை. கரும்புகை வரும், வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். ஃபேனும் வோட்டர் பம்பும் எஞ்சின் வேகத்தில் சுற்றுபவை என்பதால், மிகக் கூடுதலாகக் குளிர்ச்சி வேண்டிய நேரத்தில் மிகக் குறைவாகச் சுற்றுகின்றன.

## மாற்றாமல் விடுவது

பலருக்குப் பிடிக்காத பதில் இது. ஆனால் கணக்கு இதன் பக்கம் நிற்கிறது.

அதே 3.583 டிஃப், அதே ஏற்றம், அதே 40 கி.மீ. இரண்டாம் கியருக்கு இறக்குங்கள். எஞ்சின் 2,280இல் ஓடும், வேண்டிய டோர்க் 167 மட்டும். 240 தரும் எஞ்சினுக்கு அது விளையாட்டு. 50 வரை வேகம் எடுத்தாலும் 2,850ஐத் தாண்டாது. டிஃப் எஞ்சினுக்குக் குதிரைவலுவைக் கூட்டித் தருவதில்லை. அந்த ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறுகிறீர்கள் என்பதை மட்டுமே மாற்றுகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 1.62 மடங்கு இடைவெளி இருக்கிறது. 3.583 வண்டியின் ஏற்றம் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் கியரில் எஞ்சின் போடும் சத்தத்துக்குப் பயந்து மூன்றாவதில் முக்கி முக்கி ஏறுபவர்கள், டிஃபுக்குக் காசு கட்டுமுன் ஒரு தடவை கினிகத்தேன ஏற்றத்தை இரண்டாவதில், 2,300க்குக் குறையாமல் ஏறிப் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து கட்டுநாயக்க, நீர்கொழும்பு, புத்தளம் என்று கரையோரமாக ஓடுபவர்களுக்கும், தெற்கு அதிவேகப் பாதையில் காலி, மாத்தறை போகிறவர்களுக்கும், மலைநாட்டுக்கு வருடத்தில் மூன்று நான்கு தடவை ஏறுபவர்களுக்கும் இதுவே சரி. 100இல் 2,050 என்பது டீசலுக்கு நல்ல இடம்.

புதிய டொயோட்டா டீசல் எஞ்சின்காரர்களுக்கு இன்னும் தெளிவு. 343 நியூட்டன் மீற்றர் தரும் இன்டர்கூலர் வைத்த 2கேடியோ, 400 தரும் 2.4 லீற்றர் 2ஜிடியோ, 450 தரும் 2.8 லீற்றர் 1ஜிடியோ இருந்தால், இந்தப் பாரத்துக்கு டிஃபைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வேகத்தை 45இல் வைத்தால் மூன்றாவதே போதும். ஆறு கியர் ஓட்டோவில் இடைவெளிகளும் சிறியவை, கிளட்சுக்குப் பதிலாக உள்ள டோர்க் கொன்வேட்டர் புறப்பாட்டுக்குக் கைகொடுக்கும். அங்கே கவனிக்க வேண்டியது கியர் ஒயிலின் சூடு. ஏற்றத்தில் அதுவாக மேலும் கீழும் கியரைத் தேடிக்கொண்டிருக்க விடாமல், கையால் கீழ்க்கியரில் பூட்டி ஓட்டினால் கொன்வேட்டர் வழுக்கல் குறையும்.

## டயரால் திருத்துவது

ரேஷியோ கெட்டுப்போன வண்டிகளில் பெரும்பாலானவை டயரால் கெட்டவை. அழகுக்கு 285/70 ஆர்17 போட்டால் விட்டம் 831 மி.மீ. ஆகிறது, 7 சதவீதம் கூடுதல். 3.909 டிஃப் அந்த நிமிடமே 3.650 போல நடந்துகொள்ளும். உயரமான டயரையும் வைத்துக்கொண்டு பழைய இழுவையும் வேண்டும் என்றால் கணக்குப்படி 4.19 தேவை. அப்படி ஒரு டிஃப் கிடைக்காது, 4.100க்கும் 4.300க்கும் நடுவில் விழுகிறது. பழைய டயரை மாட்டினால் காசு செலவில்லாமல் 7 சதவீதம் திரும்பி வரும். பின்னர் என்ன வேண்டும் என்று யோசிக்கலாம்.

எதிர்த் திசையிலும் இதைச் செய்யலாம். 776இலிருந்து 245/70 ஆர்16க்கு, அதாவது 749 மி.மீ.க்கு இறங்கினால் 3.909 வண்டி 4.05 போல இழுக்கும். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாறுவதால் ஃபோர் வீலுக்குத் தொந்தரவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றலாம். குறைகள்: நிலத்திலிருந்து உயரம் 13 மி.மீ. குறையும், மீற்றர் 3.6 சதவீதம் கூட்டிக் காட்டும், 16 அங்குல ரிம் முன் பிரேக் கலிப்பரில் உரசாமல் இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். முக்கியமாக, டயரின் லோட் இன்டெக்ஸ் (தாங்கும் பாரத்தின் குறியீடு) பழையதைவிடக் குறையக் கூடாது. ட்ரெய்லரின் மூக்குப் பாரம் (கொழுவியில் அழுத்தும் எடை) பின் டயர்களில்தான் இறங்குகிறது; கார் டயரை மாட்டிக்கொண்டு இழுவைக்குப் போவது வெடிப்புக்கு அழைப்பு.

மாதம் ஒன்றிரண்டு தடவை மட்டும் இழுப்பவர், டயரும் தேய்ந்து மாற்ற வேண்டிய கட்டத்தில் இருந்தால், முதல் தெரிவாக இதையே வைக்கலாம்.

## 3.909, 4.100

3.583 வண்டிக்காரருக்கு நடுவழி. 3.909க்குப் போனால் 9 சதவீதம், 4.100க்குப் போனால் 14 சதவீதம் இழுவை கூடும். ஏற்றத்தில் கிடைக்கும் பலனைவிட நகரத்தில் கிடைக்கும் பலன்தான் கையில் தெரியும். பேலியகொட சந்தியிலிருந்து மருதானை வரை பாரத்தோடு நின்று நின்று போகும் வண்டியில், ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளட்ச் வழுக்கும் நேரம் குறைகிறது. வாடகை ஜெனரேட்டர் இழுக்கும் வண்டிகளில் முதலில் சாவது எஞ்சினல்ல, கிளட்ச் பிளேட். வருடத்துக்கு ஒரு பிளேட் மாற்றுபவருக்கு டிஃப் செலவு அதிலேயே திரும்பி வரக்கூடும்.

3.909 வண்டியை 4.100 ஆக்குவது மட்டும் யோசிக்க வேண்டியது. 5 சதவீத மாற்றத்துக்கு முன், பின் இரண்டு டிஃபையும் இறக்க வேண்டும். அதே 5 சதவீதத்தை டயரில் எடுக்கலாம். ஏற்கனவே கிரவுன் பினியன் சத்தம் போட்டு எப்படியும் மாற்ற வேண்டிய வண்டி என்றால் கதை வேறு. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதிவேகப் பாதையில் 4.100 தரும் 2,350 இன்னும் வசதியான வேகம்தான். மலைக்கும் கரைக்கும் சம அளவில் ஓடுபவருக்கு ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், 4.100 என்பதே பதில்.

## 4.300

வாரா வாரம் மலை ஏறுபவருக்கானது. அவிசாவளை தாண்டி ஹட்டன் பக்கமும், பேராதனையிலிருந்து இறம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கும் கொம்ப்ரெசரோ தண்ணீர் பவுசரோ இழுத்துக்கொண்டு போகும் வண்டிக்கு, மூன்றாம் கியர் 1,690இல் டர்போ வீச்சுக்குள் நிற்பது நாள் முழுதும் கிடைக்கும் நிம்மதி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 3.583 வண்டியோடு பார்த்தால் புறப்பாட்டில் 20 சதவீதம் கூடுதல் பெருக்கம்.

இறக்கத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். எஞ்சின் பிரேக் கூடுவது உண்மை. ஆனால் எக்ஸோஸ்ட் பிரேக் இல்லாத டீசலில் அது முதலிலேயே பலவீனம். 40இல் மூன்றாவதில் 1,690 என்றால் பிடிப்பு அதிகமில்லை. இரண்டாவதில் 2,740, அதுதான் இறங்கும் கியர். ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாமல் 1,300 கிலோவை இறம்பொடையில் இறக்குபவரை எந்த டிஃபும் காப்பாற்றாது. உற்பத்தியாளர் சொன்ன இழுவை எல்லையும் டிஃப் மாற்றியதால் கூடிவிடாது. சேஸியும் பிரேக்கும் கொழுவியும் பழையவைதானே.

அதிவேகப் பாதையில் 100க்கு 2,460. ஓடும், ஆனால் உள்ளே சத்தம் தெரியும். சுற்று 20 சதவீதம் கூடியதால் டீசலும் 20 சதவீதம் கூடும் என்பது பயமுறுத்தல். அந்த வேகத்தில் செலவின் பெரும்பகுதி காற்றுக்கும் பாரத்துக்கும் போகிறது. கூடுவது எஞ்சினின் உள் உராய்வுக்கான பங்குதான். நகரத்திலும் மலையிலும் செலவு அதிகரிக்காது, சில வண்டிகளில் குறையவும் செய்யும்.

## 4.556

டர்போ இல்லாத பழைய 2.8 டீசலுக்கும், பெரிய டயரைக் கழற்றவே மாட்டேன் என்பவருக்கும் மட்டும். 190 நியூட்டன் மீற்றர் அளவில் டோர்க் தரும் எஞ்சினுக்கு இந்த 213உம் எட்டாது. அது எந்த டிஃப் போட்டாலும் 8 சதவீத ஏற்றத்தை இரண்டாவதில்தான் ஏறும். ஆனால் மற்ற எல்லா இடத்திலும் மூச்சு விடும். 831 மி.மீ. டயரோடு 4.556 போட்டால் 4.25 போல நடக்கும், அது நியாயமான இழுவை ரேஷியோ. சாதாரண டயரோடு டர்போ எஞ்சினுக்கு இதைப் போடுவது வீண்: 2,610இல் அதிவேகப் பாதை ஓட்டம் சலித்துப்போகும், முதலாம் கியர் போட்டவுடன் மாற்ற வேண்டி வரும்.

இன்னொரு விஷயம் பினியனின் உடம்பு. ரேஷியோ கூடக்கூடப் பினியன் பற்கள் 12, 11, 10, 9 என்று குறைகின்றன. பினியன் தலையும் சிறுத்து, ஒரு நேரத்தில் பிடிக்கும் பல்லின் பரப்பும் குறைகிறது. பாரத்தோடு கிளட்சைச் சடாரென்று விடும் கைக்கு 9 பல் பினியன் பொருந்தாது.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

ஃபோர் வீல் வண்டியில் முன் டிஃபும் பின் டிஃபும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும். டூ வீல் கெப் வைத்திருப்பவர் இந்த ஒரு வரியிலேயே பாதிச் செலவைத் தப்பிவிடுகிறார். பின்னால் 4.100, முன்னால் 3.909 என்று விட்டால் இரண்டும் 5 சதவீதம் வேறு வேகத்தில் சுற்ற முயலும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு வலுவைப் பிரிக்கும் பெட்டி) முறுகி லிவர் கழராது, பிறகு ஏதாவது ஒன்று உடையும். "ஃபோர் வீல் போடாவிட்டால் சரிதானே" என்று பின்னால் மட்டும் மாற்றிய வண்டிகள் உண்டு. விற்கும்போது வாங்குபவர் அதை அறியாமல் போடுவார். பின் டிஃப் கிடைத்துவிட்டது என்று உடனே காசு கொடுக்காதீர்கள். அதே எண்ணில் முன்னதும் உறுதியான பிறகு இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். தனிச் சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்தில் டிஃபை இறக்குவது பின்பக்கத்தைவிட நீண்ட வேலை. கூலியைக் கேட்கும்போது முன், பின் தனித்தனியாகக் கேளுங்கள்.

கழற்றிய டிஃபை முழுதாக வாங்குவதா, புதுக் கிரவுன் பினியன் வாங்கிப் பொருத்துவதா? தொழிற்சாலையில் பூட்டியபடி திறக்கப்படாத பழைய டிஃப் கிடைத்தால் அதுவே நல்லது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), பெயாரிங் இறுக்கம் எல்லாம் அங்கேயே சரிபார்க்கப்பட்டவை. திறந்ததா என்பதைப் பினியன் நட்டைப் பார்த்தால் தெரியும்: அதன் விளிம்பைத் தவாளிப்புக்குள் உளியால் தட்டி மடித்த அடையாளம் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு மூன்று தட்டுகள், நட்டின் முனைகளில் ஸ்பானர் வழுக்கிய காயம், புதிய சிலிக்கன் என்று இருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். பற்களில் நீலம் பாய்ந்திருக்கிறதா, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ப்ரொப் ஷாஃப்ட் பூட்டும் ஃப்ளேஞ்சைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மணல் அரைவது போல் உணர்ந்தால் பெயாரிங் போயிற்று. ஆக்ஸில் ஸ்ப்லைன் (தண்டு முனையின் வரிப்பற்கள்) எண்ணிக்கையும் ஃப்ளேஞ்சின் போல்ட் ஓட்டைகளும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே எண்ணுங்கள்.

புதுச் செட் என்றால் வேலை செய்பவரின் கையே எல்லாம். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று அரைத்துச் சோடி சேர்த்தவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும், எண் வேறானால் வாங்காதீர்கள். பெயாரிங், ஒயில் சீல், நசுங்கும் ஸ்பேசர் மூன்றும் புதிதாகப் போக வேண்டும். அந்த ஸ்பேசர் ஒரு தடவை நசுங்கியதோடு சரி. நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டுப் பின்னால் தளர்த்தினால் இறுக்கம் திரும்பாது, புது ஸ்பேசர் போட்டு மீண்டும் தொடங்க வேண்டும். டொயோட்டாவின் 8 அங்குல டிஃபுக்கு பேக்லாஷ் (பற்களுக்கிடையிலான தளர்வு) 0.13 முதல் 0.18 மி.மீ. வரை. டயல் கேஜ் இல்லாமல் "கைக்குத் தெரியும்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். மார்க்கிங் பேஸ்ட் பூசிச் சுற்றியபின், கிரவுன் பல்லில் பதிவு உயரத்தின் நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் விழுந்தால் பினியன் மிக உள்ளே இருக்கிறது, ஷிம் மெல்லியதாக வேண்டும். நுனியில் விழுந்தால் தடிப்பாக வேண்டும். இதைத் தவறவிட்ட டிஃப் அன்றைக்கே கத்தாது. 60இல் மெல்லிய ஊளையாகத் தொடங்கும், ஒரு மாதத்தில் பின்சீட்டில் இருப்பவருக்கும் கேட்கும்.

ஸ்பீடோ மீற்றர் கியர் பொக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் 3.909ஐ 4.300 ஆக்கினால் அது 10 சதவீதம் கூட்டிக் காட்டும், கிலோமீற்றர் கணக்கும் அப்படியே ஏறும். கேபிள் மீற்றருக்குச் சின்னப் பிளாஸ்டிக் கியர் மாற்றினால் தீரும். சக்கர சென்சரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வண்டிகளில் மீற்றர் சரியாகவே இருக்கும். ஆனால் கியர் பொக்ஸின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போகவில்லை என்று கணினி எச்சரிக்கை விளக்கைப் போடக்கூடும். அப்படிப்பட்ட வண்டியில் கை வைக்குமுன் அந்த மொடலை ஏற்கனவே மாற்றிய கராஜைத் தேடுங்கள். மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுவதும் நல்லது.

## பூட்டிய பிறகு முதல் 800 கிலோமீற்றர்

முதல் வேலை ஃபோர் வீல் சோதனை. சரளை அல்லது மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு 100 மீற்றர் நேராக, மெதுவாக ஓட்டுங்கள். நின்றதும் லிவர் ஒரு விரலால் கழர வேண்டும். இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தால் தார் ரோட்டில் போட்டுப் பார்க்காமல் சுண்ணக்கட்டிக் கணக்கை முன்னாலும் பின்னாலும் மறுபடி செய்யுங்கள்.

புதுக் கிரவுன் பினியனுக்கு முதல் நாள் 20 முதல் 30 நிமிடம் வெறும் வண்டியாக ஓட்டி, முழுதாக ஆறவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. புதுப் பற்கள் ஒன்றோடொன்று படியும்போது சூடு எகிறும். அந்த நேரத்தில் பாரம் ஏற்றினால் பல்லின் மேல்தோல் மென்மையாகி, பின்னர் ஊளை எழும். 800 கி.மீ. வரை ட்ரெய்லர் வேண்டாம். அதற்குப் பிறகு ஒயிலை வடித்துப் புது ஜிஎல்-5 தர டிஃப் ஒயில் ஊற்றுங்கள். லிமிட்டட் ஸ்லிப் என்றால் அதற்குரிய ஒயில். வடிக்கும் ஆணியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல் ஒட்டியிருந்தால் அது பற்கள் படிந்ததன் அடையாளம், துடைத்துவிட்டுப் பூட்டலாம். விரலில் குத்தும் துண்டு கிடைத்தால் கவரைப் பூட்டாமல் வேலை செய்தவரைக் கூப்பிடுங்கள்.